மூன்று முதல் நான்கு வரை

ஹெப்சி, நீ எதையும் உட்கார்ந்து வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அடுப்பில் ஒரு கண்ணும் கைபேசியில் ஒரு கண்ணுமாக நின்றபடியே வாசித்துப் பழகிவிட்டாய். இந்த ஒரு கடிதத்தை மட்டும், குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து வாசி. இதன் நகல் ஒன்றை நம் சபையின் மாதப் பத்திரிகைக்காக எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. நீ வாசித்துச் சரி என்று சொன்ன பிறகே கொடுப்பேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடலாம். வீட்டு விஷயத்தை ஊருக்கு ஏன் சொல்லவேண்டும் என்று நீ கேட்பாய். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, எட்டுப் பேர் நின்றிருந்த நம் கூடத்தில் வைத்து உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். பலர் முன்னிலையில் செய்த தவறை ஒருத்தியின் காதில் மட்டும் சொல்லித் தீர்த்துக்கொள்வது நியாயமாகாது. அந்த எட்டுப் பேரில் மூவர் இன்னும் நம் ஆலயத்துக்கு வருகிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்துப் பெசன்ட் நகருக்கு வந்தேன் அல்லவா, அன்று கண்டதுதான் என்னை எழுத உட்காரவைத்தது. கதவைத் திறந்த மாப்பிள்ளை உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். நீ தொட்டிலுக்கருகில் தரையில் உட்கார்ந்து, ஐந்து மாதக் குழந்தையின் மூக்கின்கீழ் உன் புறங்கையை வைத்துக்கொண்டிருந்தாய். "செருப்ப மெதுவா விடுங்கப்பா, இப்பத்தான் தூங்குறா" என்றாய். நீ எப்போது தூங்கினாய் என்று கேட்டேன். "தூங்குறேன், தூங்குறேன்" என்று நீ சொல்ல, மாப்பிள்ளை விடவில்லை. "எங்க தூங்குறா மாமா? மணிக்கு ஒருவாட்டி அலாரம் வெச்சு எழுந்து மூச்சு வருதான்னு பாக்குறா. ஊர்ல எல்லாம் கொழந்த தூங்காது, அம்மா அழுவா. எங்க வீட்ல பாப்பா நல்லாத் தூங்குது. அலாரம் சத்தத்துல நான்தான் அழுறேன்." நீ அவரை அதட்டினாய். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, ஏதோ சாதாரணச் செய்தியைச் சொல்வதுபோல, "நான் தூங்கினா ஏதாவது ஆயிடும்ப்பா" என்றாய்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. மேலே 'வியாழன், அப்பா ஆபரேஷன்' என்று எழுதி, கீழே அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, மணிக்கு ஒரு கட்டமாக இருபத்து நான்கு கட்டங்கள். ஏறக்குறைய எல்லாக் கட்டங்களிலும் உன் பெயர். சிலவற்றில் மாப்பிள்ளையின் பெயர். பிற்பகல் மூன்று முதல் நான்கு வரையிலான கட்டத்தில் முதலில் உன் பெயரை எழுதி, அடித்துவிட்டு, அவர் பெயரை எழுதியிருந்தாய். நான் தம்ளரைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றேன். அந்தக் கட்டங்களைப் போட்டது உன் கைதான். போடக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்த ஒரு மணி நேரத்தை நீ இன்னும் உன்னிடம் நம்பி ஒப்படைத்துக்கொள்வதில்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். சாப்பிட்டோம், குழந்தையைக் கொஞ்சினேன், கிளம்பிவிட்டேன். உன்னிடம் சொல்லவேண்டியதைச் சொல்லும் துணிவு அன்றும் எனக்கு வரவில்லை.

உன் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகள் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. சனிக்கிழமையே மீன் குழம்பு வைத்துவிடுவாள். மறுநாள் அடுப்பைப் பற்றவைப்பது சோறு வடிக்க மட்டும்தான். ஆலயத்திலிருந்து வந்து, சாப்பிட்டு, தொலைபேசியின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, கூடத்தில் பாய் விரித்து உன்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டு உறங்குவாள். நான் அந்தப் பாயில் படுத்ததில்லை. கல்லூரியில் தமிழ் கற்பித்தவன், சபையில் வேதபாடம் வாசித்தவன், ஓய்வுநாளைப் பற்றி மற்றவர்களுக்கு மணிக்கணக்கில் விளக்கியவன்; என் ஓய்வுநாளை விடைத்தாள்களோடு கழித்தேன். "பேப்பர் எங்கயும் ஓடிப்போகாதுங்க, வந்து படுங்க" என்பாள். கர்த்தருக்கென்று உழைப்பவனுக்கு நேரம் ஏது என்று ஒருமுறை சற்றுக் கடுமையாகவே பதில் சொன்னேன். அவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "தூங்குறதும் ஜெபம்தாங்க. நான் இல்லாட்டியும் எல்லாம் நடக்கும்னு ஒத்துக்கிற ஜெபம். உங்களுக்கு அது ஒண்ணுதான் வராது."

வரவில்லைதான். அதற்கு என் படிப்பும் ஒரு காரணம். பழைய அகப்பாடல்களில் ஊர் முழுதும் உறங்கியபின் உறங்காத ஒருத்தி எப்போதும் இருப்பாள். கடலும் அடங்கும், புள்ளும் அடங்கும், அவள் கண் மட்டும் அடங்காது. அந்தத் துயிலாமையை அன்பின் அளவுகோலாக முப்பது ஆண்டுகள் வகுப்பில் போதித்தேன். யார் அதிகம் விழித்திருக்கிறாரோ அவரே அதிகம் நேசிக்கிறார் என்ற கணக்கு எனக்குள் ஊறிப்போயிற்று. அதைக் கவிதைக்குள் விட்டுவைத்திருந்தால் பிழையில்லை. நான் அதை என் விசுவாசத்துக்குள் கொண்டுவந்தேன். பிறகு உன் அம்மாவின் நோய்க்கட்டிலுக்கும் கொண்டுபோனேன்.

அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கூறி அவளை வீட்டுக்கு அனுப்பியபோது உனக்குப் பதின்மூன்று வயது. அந்த வாரமே சங்கிலி ஜெபம் தொடங்கினேன். சபையார் எல்லோரும் அறிந்த வழக்கம்தான். ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டு, ஒருவர் முடிக்க அடுத்தவர் தொடங்க, ஒரு நாள் முழுதும் வேண்டுதல் இடையறாமல் நடக்கும். மற்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே செய்வார்கள். நான் அப்படி விடவில்லை. வாரந்தோறும் சனிக்கிழமை மாலை ஆறிலிருந்து ஞாயிறு மாலை ஆறு வரை, அத்தனை பேரும் நம் வீட்டில், அவள் கட்டிலருகிலேயே முழங்காலில் நிற்கவேண்டும் என்றேன். அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, பெயர் எழுதி, படுக்கையறைக் கதவில் ஒட்டினேன். நோயாளிக்கு உறக்கம் வேண்டுமே என்று சபையார் யாரும் சொல்லவில்லை. சொன்னது இரண்டே பேர். ஒருத்தி உன் அம்மா. "யாராவது வந்துகிட்டே இருக்காங்க. நான் எப்பங்க கண்ண மூடுறது?" என்றாள். குணமானபின் உறங்கலாம் என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் உடல் கூசுகிறது.

மற்றொருத்தி, அவளைக் குளிப்பாட்டித் துடைக்க ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து வந்துகொண்டிருந்த கன்னியம்மா. உனக்கு அவளை நினைவிருக்கும்; சுவரில் சாய்ந்தால் போதும், உட்கார்ந்தபடியே குறட்டை விடுவாள். வேலை நேரத்தில் உறங்குகிறாளே என்று ஒரு ஞாயிறு காலை அவளைக் கண்டித்தேன். அவள் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவில் இருந்த தாளைக் காட்டினாள். "நா தூங்குறது கெடக்கட்டும். இன்னா சார் இது, ரேசன் கட கியூ மாதிரி ஆள் மாத்தி ஆள் வந்துகினே கீறாங்க? அம்மா எப்ப சார் தூங்கும்?" சங்கிலி அறுபடக்கூடாது என்று விளக்கினேன். "அறுந்தா?" என்றாள். அறுபடக்கூடாது என்றே மறுபடியும் சொன்னேன். அவள் விடவில்லை. "உங்க சாமி தூங்கவே தூங்காதுன்னு காலைல நீதான சார் படிச்சே, நானும் கேட்டுகினுதான இர்ந்தேன். அது முழிச்சினு கீதில்ல? அப்பால நீ இன்னாத்துக்கு அதுக்கு ஷிஃப்டு போட்டுகினு கீறே?" அறைக்குள்ளிருந்து உன் அம்மா சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். நான் கேட்ட அவளுடைய கடைசிச் சிரிப்பு அது. எனக்குக் கோபம் வந்தது.

ஐந்தாவது ஞாயிறு. மூன்று மணிக் கட்டத்துக்குத் தியாகராய நகரிலிருந்து வரவேண்டியவர் மழையில் வரமுடியவில்லை என்று தொலைபேசியில் சொன்னார். அந்தக் கட்டத்தில் நான் உன் பெயரை எழுதினேன். அன்று விடியற்காலையிலும் நீ ஒரு மணி நேரம் முழங்காலில் நின்றிருந்தாய் என்பது எனக்குத் தெரியும். நீ அப்போது பள்ளித் தேர்வும் எழுதிக்கொண்டிருந்தாய். உன் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டே எழுதினேன். "அப்பா, எனக்குத் தூக்கம் வருதுப்பா" என்றாய். "அம்மாவ விடவா உனக்குத் தூக்கம் பெரிசு?" என்று கேட்டேன். நீ உள்ளே போனாய்.

இதுவரை சொன்னதெல்லாம் உனக்கும் தெரிந்தது. இனி வருவது உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

மூன்றரை மணி சுமாருக்கு நான் கதவைத் திறந்து பார்த்தேன். நீ முழங்காலில் நின்றபடியே கட்டில் விளிம்பில் தலை சாய்த்து உறங்கிப்போயிருந்தாய். வாய் சற்றே திறந்திருந்தது. உன் அம்மாவின் கை உன் தலைமேல் இருந்தது. அவள் விழித்திருந்தாள். உன்னைத் தட்டி எழுப்ப நான் அடியெடுத்து வைத்தேன். அவள் இன்னொரு கையின் ஒரு விரலை மட்டும் உயர்த்தி என்னை நிறுத்தினாள். "எழுப்பாதீங்க" என்றாள். மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அவ மூச்சு விடுறது கேக்குது. எனக்கு இப்ப அதுவே போதும். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நீங்களும் போய்ப் படுங்க." அவள் முகத்தில் வலி இல்லை. பல வாரங்களுக்குப் பிறகு வலியில்லாத அந்த முகத்தைக் கண்டேன். வெளியே ஜன்னல் மேல்மறைப்பில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அவள் சொன்னதில் பாதியைத்தான் கேட்டேன். உன்னை எழுப்பவில்லை, ஆனால் நான் போய்ப் படுக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, சங்கிலி அறுந்துவிட்டதே என்று கலங்கிக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்கு அடுத்த முறைக்கான அம்மையார் உள்ளே போனார். அவர் அலறிய பிறகுதான் நீ விழித்தாய். வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தவர்களும், பிந்தைய மணிகளுக்காக முன்னதாகவே வந்தவர்களும் எல்லோரும் கூடத்தில் நின்றார்கள். நீ அறையிலிருந்து ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாய். அப்போதுதான் கேட்டேன்: "ஒரு மணி நேரம் உன்னால விழிச்சிருக்க முடியலையா?" நீ என் சட்டையை விட்டுவிட்டாய். அந்தக் கை விலகியதை நான் இன்றுவரை உணர்கிறேன். மறுநாள் அடக்க ஆராதனைக்கு வந்த கன்னியம்மா, யாரோ சொல்லக் கேட்டு, என்னைச் சமையலறை ஓரத்தில் நிறுத்தினாள். "பதிமூணு வயசுப் பொண்ணு முழிச்சினு இர்ந்தா எமன் பயந்துகினு திரும்பிப் பூட்ருப்பானா சார்? பச்ச மண்ண பாத்து இன்னா கேள்வி சார் கேட்டே?" வாயை மூடு என்றேன். அவள் அதன்பின் நம் வீட்டுக்கு வரவில்லை. சில ஆண்டுகளில் ஆற்றோரத்திலிருந்த அவர்கள் எல்லோரையும் நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கத் தேடிப் போனபோது அங்கே கம்பி வேலி மட்டும் இருந்தது.

ஏன் உன்னிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பாய். துக்கத்தில் வாய் தவறியது என்று சொல்லலாம். அது ஒரு நாளுக்குப் பொருந்தும். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பொருந்தாது. காரணம் இதுதான். அவள் கடைசியாகப் பேசியது என் நம்பிக்கையை மறுத்த சொல். நான் கட்டிய கட்டங்கள் எதுவும் தனக்கு வேண்டாம், உறங்கும் பிள்ளையின் மூச்சொலி போதும் என்றாள். அதை உன்னிடம் சொன்னால், ஐந்து வாரம் அவளை உறங்கவிடாமல் வைத்திருந்தவன் நான் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பழியை உன் சிறிய தலையில் வைத்தபோது என் தலை சற்று இலேசாயிற்று. அந்த இலேசை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. விடுதியில் நீ உறங்குவதில்லை என்று உன் தோழி சொன்னபோதும், கணினிகள் நின்றுவிடாமல் காவலிருக்கும் வேலையை நீ விரும்பித் தேர்ந்தபோதும், எல்லாம் பொறுப்புணர்ச்சி என்று பிறரிடம் பெருமை பேசினேன். காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அந்தக் கேள்வியை நான் வேதத்திலிருந்தே எடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். கைது செய்யப்படுவதற்கு முன்பு ஒரு தோட்டத்தில், உறங்கிவிட்ட சீடர்களைப் பார்த்துக் கர்த்தர் கேட்ட கேள்வி அது. கேட்டவர் அதோடு நிற்கவில்லை. ஆவி விரும்பினாலும் உடல் தளர்ந்தது என்று அவர்களுக்காக அவரே பரிந்து பேசினார். திரும்பி வந்து பார்த்தபோது அவர்கள் கண்கள் கனத்திருந்ததால் எழுப்பாமல் விட்டுப்போனார். மூன்றாம் முறை வந்து, இளைப்பாறுங்கள் என்றார். நான் முதல் வரியை மட்டும் எடுத்துப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின்மேல் எறிந்தேன். மீதியை உனக்கு வாசித்துக் காட்டவில்லை. புயலில் படகின் பின்புறம் தலையணைமேல் உறங்கியவரும் அவரேதான். அவர் உறக்கத்தால் படகு மூழ்கவில்லை. படைத்தவரே ஏழாம் நாள் தம் கையை நிறுத்தினார். உலகம் உருண்டுகொண்டுதான் இருந்தது. இவற்றையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, ஞாயிறு மதியம் ஒரு பாயில் படுக்கத் தெரியவில்லை. இன்றும் எனக்கு உறக்கம் எளிதாக வருவதில்லை. விசுவாசம் பெருகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். நாம் உறங்கினாலும் காப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதை நான் நம்புகிறேனா, நம்ப விரும்புகிறேனா என்பதே எழுபத்து நான்கு வயதில் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அது தெரிந்துவிடும். மயக்க மருந்து கொடுத்து, இதயத்தைச் சற்று நேரம் நிறுத்திவைத்து, வால்வை மாற்றுவார்கள் என்று மருத்துவர் விளக்கினார். என் வாழ்நாளில் முதன்முறையாக, நான் எதையும் காவல் காக்காமல் முற்றிலுமாக உறங்கப்போகிறேன். பயமாக இருக்கிறது, ஹெப்சி. ஆனாலும் உன்னைக் கேட்டுக்கொள்கிறேன், அந்தத் தாளைக் கதவிலிருந்து எடுத்துவிடு. மருத்துவமனையில் விழித்திருக்க ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்த உறக்கத்திலிருந்து எழலாம், எழாமலும் போகலாம். எழாமல் போனால், அது நீ கண்ணயர்ந்ததால் நேர்ந்ததாகாது. இதை நான் உயிரோடிருக்கும்போதே என் கையெழுத்தில் உனக்கு எழுதித் தருகிறேன். அம்மாவின் காரியத்திலும் அப்படித்தான். அவள் போனது உன் உறக்கத்தால் அல்ல. உன் உறக்கத்தைக் கேட்டுக்கொண்டே போனாள். அவளுக்கு நாம் கொடுத்த ஒரே ஓய்வுநாள் அந்த அரைமணி நேரம், அதைக் கொடுத்தவள் நீ.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதற்கு உனக்குக் காலம் வேண்டும்; எனக்கு அவ்வளவு காலம் இருக்கிறதா என்று தெரியாது. ஒன்றுதான் கேட்கிறேன். அறுவைச் சிகிச்சைக்கு முன் இன்னும் ஒரு ஞாயிறு இருக்கிறது. சனிக்கிழமையே மீன் குழம்பு வைத்து, ஆலயம் முடிந்ததும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அம்மாவின் கைப்பக்குவம் இருக்காது. நீ கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் வைத்துவிட்டுப் போவேன், வருத்தப்படமாட்டேன். திறந்தால், சாப்பிட்டபின் கூடத்தில் பாய் விரிப்போம். உன் கைபேசியை மாப்பிள்ளை சமையலறை அலமாரியில் வைத்துவிடட்டும். குழந்தையை நடுவில் போட்டுக்கொள். அவள் மூச்சை நான் எண்ணமாட்டேன், நீயும் எண்ணாதே. நானும் அந்தப் பாயின் ஓரத்தில் படுத்துக்கொள்கிறேன். உனக்கு உறக்கம் வராமல் போகலாம், எனக்கும் வராமல் போகலாம், சும்மா படுத்திருப்போம். ஒருவேளை மூன்று மணி சுமாருக்கு உன் கண் அசந்தால், ஹெப்சி, நான் உன்னை எழுப்பமாட்டேன்.

அப்பா